மரியம்மாள் துலக்கிய கிண்ணம்

மரியம்மாளுக்கு நெசவுப் பட்டறைகளுக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பது பிழைப்பு. எங்கள் தெருச் சர்ச்சின் திருவிருந்துக் கிண்ணத்தைத் துலக்குவதுதான் வாழ்க்கை. வெள்ளிக் கிண்ணம். சனிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் தேய்ப்பாள். சர்ச் கிண்ணத்துக்கு விபூதியா என்று நாங்கள் கேலி செய்தால், "வெள்ளி பளபளன்னு ஆவணும்னா வேற இன்னாத்தப் போடறது? கர்த்தர் கோச்சிக்க மாட்டாரு" என்பாள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டாள், முருங்கைக்கு ஊற்றுவாள்.

மடி, ஆசாரம் என்ற சொற்களுக்கு எங்கள் தெருவில் ஒரே பொருள்: தள்ளிப் போ. பரிசுத்தம் என்ற சொல் அப்படியில்லை என்று அவளுக்குச் சொன்னவன் தம்பி தேவசகாயம். தாயில்லாப் பிள்ளை. கல்யாணத்தையும் மறந்து தார் சுற்றி, அவனைப் போதகர் படிப்புக்கு அனுப்பியவள் அவள்தான். "கடவுளுக்குன்னு எடுத்து வெச்சதெல்லாம் பரிசுத்தம்கா. இந்தக் கிண்ணம், இதத் தேய்க்கிற உன் கை, எல்லாந்தான்" என்றான். அன்றிலிருந்து அவள் தன் கையையே மரியாதையாகப் பார்த்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவனே எங்கள் சர்ச்சுக்குப் போதகராக வந்தான். மறு வருஷம் பக்கத்து ஊர் தணிகாசலம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கினார். நிலபுலன் உள்ளவர், மேல்சாதி ஊர்த் தெருக்காரர். நம்மோடு ஒன்றாக முழங்காலிட வந்துவிட்டாரே என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. தேவசகாயம் ஒரு புதுக் கிண்ணத்தோடு அக்காவிடம் வந்தான்.

"இது அவங்களுக்குக்கா. இத நீ தொட வேணாம், அவங்களே கழுவிக்குவாங்க. புதுசா வந்துக்கிறாங்க, கொஞ்ச நாளு அனுசரிச்சிப் போவலாம்."

"ரெண்டுல எதுடா பரிசுத்தம்?"

"ரெண்டுந்தான்."

"நீ எதுல குடிப்ப?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நேரமாகிவிட்டதென்று போய்விட்டான்.

எங்கள் சர்ச்சில் திருவிருந்தின் திராட்சரசத்தைப் போதகர் முதலில் குடித்துவிட்டுத்தான், அதே கிண்ணத்தில் சபைக்குக் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மரியம்மாளின் கண் வேறெங்கும் போகவில்லை. மேசையில் இரண்டு கிண்ணங்கள். தேவசகாயம் ஜெபித்து முடித்தான். புதியதை எடுத்துக் குடித்தான்.

பக்கத்தில் இருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை.

அதே கிண்ணத்தைத் தணிகாசலத்திடம் நீட்டினான். அவர் மடித்த துண்டை எடுத்து, தேவசகாயம் வாய் வைத்த இடத்தை நிதானமாகத் துடைத்தார். பிறகு கிண்ணத்தைத் திருப்பி, மறுபக்கத்தில் குடித்தார். சபையே பார்த்தது. நன்றாக வேண்டும் உனக்கு என்று தேவசகாயத்தைப் பார்த்து நான் பல்லைக் கடித்தேன். மரியம்மாளோ, அடி தனக்கு விழுந்ததுபோலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். தூக்கி வளர்த்தவள் அல்லவா!

பழைய கிண்ணத்தோடு அவன் எங்கள் வரிசைக்கு வந்தான். முதல் ஆள் அவள்தான்.

"தம்பி, இதுல யாரும் தொடைக்க மாட்டாங்கப்பா" என்றாள் மெதுவாக. "நீ ஒரு வாய் குடி. அப்புறம் நான் குடிக்கிறேன்."

அவன் கிண்ணத்தைச் சற்று உயர்த்தினான். குடித்துவிடுவான் என்றே நினைத்தேன். தணிகாசலம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அக்காவைத் தாண்டி, கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.