ரிவர்ஸ் அண்ணன் சொன்ன ஒரு பதில்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் தேடுவது மீட்டர் பெட்டியைத்தான். வீட்டு மனிதர்களின் முகமெல்லாம் அப்புறம். செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டி, சீல் கம்பி அறுபடாமல் இருக்கிறதா, சிவப்பு விளக்கு எவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போய்வந்த அன்று, "ஆளுங்க எப்படி?" என்று மனைவி ஆவலாகக் கேட்டதற்கு, "எர்த் சரியில்ல" என்றாராம். அந்த அம்மாள் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

மொட்டை மாடிகளில் சோலார் தகடு பொருத்தும் வயர்மேன் அவர். வயது ஐம்பத்திரண்டு. பிடரி மட்டும் முகத்தைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். குனிந்தே வெயில் வாங்கிய கழுத்து. சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். எந்தக் கம்பியையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் அடிக்கும்போது விரல்கள் கம்பியை இறுக்கிக்கொள்ளுமாம்.

ஊரே அவரை 'ரிவர்ஸ் அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறது. மீட்டருக்குள் வட்டத் தகடு சுற்றிய காலத்தில், முதன்முதலாகத் தகடு போட்ட ஒரு வீட்டில் அந்த வட்டம் பின்னோக்கிச் சுற்றியதைப் பார்த்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, ரிவர்ஸ்ல போகுது! நாம குடுக்கறோம்!" இப்போதைய மீட்டரில் எதுவும் பின்னோக்கிச் சுற்றுவதில்லை. வாங்கிய கரண்ட் ஓர் எண், கொடுத்த கரண்ட் இன்னோர் எண், அவ்வளவுதான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நெட் மீட்டர் என்றால் என்ன என்பதை அவரைப்போல விளங்கவைக்க ஆளில்லை. "பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்ல நம்ம பாலை வெக்கிற மாதிரிங்க. பகல்ல வெயில் அடிக்குது, நம்ம வீட்ல செலவு கம்மி. மிச்சத்தை லைனுக்குத் தள்ளிடறோம். பொழுது சாஞ்சா நமக்குப் பால் வேணும், போய் எடுத்துக்கறோம். எவ்ளோ வெச்சோம், எவ்ளோ எடுத்தோம், ரெண்டையும் மீட்டர் எழுதி வெச்சுக்கும். கூட எடுத்ததுக்கு மட்டும்தான் பில்லு. கூடக் குடுத்திருந்தா அடுத்த மாசத்துக் கணக்குல ஏறிடும்." கேட்பவர் தலையாட்டுவார். பிறகு சந்தேகங்கள் வரும். காற்றில் தகடு பிய்த்துக்கொண்டு போகுமா? மழையில் ஷாக் அடிக்குமா? மாடி ஒழுகுமா? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில் தயாராக இருந்தது: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

இருந்தது என்றுதான் எழுத வேண்டும். இரண்டு வருடங்களாக அவர் அந்தச் சொற்களைச் சொல்வதில்லை.

காரணம், அவர் தகடு போட்ட ஒரு தையல்கார அக்காவின் வீடு. இரண்டு அறைகளும் ஒரு மாடியும் கொண்டது. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் கணவரின் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அச்சாபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போன மனிதர். மூக்கில் குழாயோடு உட்கார்ந்து மனைவி தைத்த சட்டைகளுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருப்பார். மூச்சு போதாதே தவிர விரல்கள் அவ்வளவு சுத்தம். ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடியது. தையலில் வந்ததை மின்சாரம் தின்றது. அதற்காகத்தான் அக்கா தகடு போட்டார்.

வேலை முடிந்த அன்று மீட்டருக்கு சீல் வைக்க வந்த மின்வாரிய ஆள், வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். ரிவர்ஸ் அண்ணன் முன்னறைச் சுவரில், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியின் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வந்து கேட்டார்: "தம்பி, பகல்ல கரண்ட் போனா இந்த மெஷின் நிக்காதுல்ல? வெயில்தான் நம்ம மாடியில இருக்கே."

திருகிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா."

அது தப்பான பதில். இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். லைனில் கரண்ட் போனால், வெயில் எப்படிக் கொளுத்தினாலும், பேட்டரி இல்லாத தகடும் கூடவே நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவனை ஏதோ ஒரு வீட்டு மாடியின் கரண்ட் கொன்றுவிடக் கூடாது. அவருடைய சித்தப்பா மகன் கம்பத்தில் வேலை செய்கிறவன். அவருக்குத் தெரியாததா? தெரியும். கேள்வியும் காதில் விழுந்தது. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிலை நம்பி அக்கா ஒரு காரியம் செய்தார். அவசரத்துக்கென்று வாடகைக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மறுவாரமே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ராத்திரில கரண்ட் போனா?" என்று கடைக்காரர் கேட்டாராம். எங்கள் தெருவில் மரம் வெட்ட, கம்பி மாற்ற என்று பகலில்தான் நிறுத்துவார்கள், பகலுக்கு எங்களுக்கு வெயில் இருக்கிறது என்றாராம் அக்கா.

நான்கு மாதம் கழித்து, பதினொன்றரை மணிக்கு, மரக்கிளை வெட்டுவதற்காக லைனை நிறுத்தினார்கள். அண்ணன் வேறொரு மாடியில் இருந்தார். போன் அடித்தது.

"தம்பி, மெஷின் நின்னுடுச்சு. மாடிக்கு ஓடிப் பாத்தேன். வெயில் இருக்கு தம்பி, நல்லா இருக்கு. எந்த சுவிட்சப் போடணும்?"

எந்த சுவிட்சும் இல்லை. "அக்கா, சிலிண்டரைத் தெறங்க" என்றார்.

"அதான் குடுத்துட்டனே."

அவர் கத்தினார்: "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. யார் வண்டியாவது. இப்பவே!"

கணவர் பிழைத்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கழிந்த அந்த முக்கால் மணி நேரம் எதையோ எடுத்துக்கொண்டுதான் விட்டது. இப்போது பட்டனைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். விரல்களுக்குத் துளை எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு மனைவியிடமே திருப்பிக் கொடுக்கிறார். பேச்சும் நின்றுபோயிற்று.

ஒரு மாதத்துக்குள் ரிவர்ஸ் அண்ணன் அந்த வீட்டில் பேட்டரி வைத்தார். "கம்பெனில ஒரு ஸ்கீம்க்கா, சும்மா தர்றாங்க" என்றார். அப்படி ஒரு ஸ்கீம் எந்தக் கம்பெனியிலும் இல்லை. தவணை இன்னும் அவர் சம்பளத்தில்தான் பிடிக்கப்படுகிறது. மாதம் ஒருமுறை போய்த் தகடுகளைக் கழுவித் துடைத்துக் கொடுக்கிறார். சிலிண்டரையும் அவரே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் செய்தார். அந்தப் பதில் தன்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்றா? முதலில் அவர் மனைவியும் அப்படித்தான் நினைத்தார்.

"போய்ச் சொல்லிடுங்களேன். நாலு வார்த்தை திட்டுவாங்க, வாங்கிக்கங்க. உங்களுக்கும் சோறு இறங்கும்."

"திட்டாதுடி அந்த அக்கா. அதான் பயமா இருக்கு."

தொழில் பேச்சு மாறிவிட்டது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், பாலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் முன்னால், "முதல்ல இது என்ன செய்யாதுன்னு சொல்லிடறேன்" என்று தொடங்குகிறார். லைன் போனால் இதுவும் நிற்கும் என்கிறார். வீட்டில் மெஷினை நம்பிப் படுத்திருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்கிறார். கேட்டதைத் திருப்பிச் சொல்லவைக்கிறார். "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று ஒரு கடைக்காரர் கோபித்துக்கொண்டார். இரண்டு பேர் வேண்டாம் என்று போயேவிட்டார்கள். கம்பெனி முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, விக்க வந்தியா, விரட்ட வந்தியா? இப்ப உன் வாயும் ரிவர்ஸ்லதான் போகுது!" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளும் அதையேதான் சொன்னார்.

போன மாதம் தகடு கழுவப் போனபோது அக்கா வீட்டில் எதிர்வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி. அவர்களும் தகடு போடப் போகிறார்களாம். அக்காதான் சொல்லி வைத்திருக்கிறார். அக்கா சொல்லி இதுவரை ஏழு வீடுகள் அண்ணனுக்குக் கிடைத்திருக்கின்றன.

"இந்தத் தம்பி மாதிரி ஒருத்தர் கெடைக்க மாட்டாங்க" என்றார் அக்கா, தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே. "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான். நீங்க சொல்லுங்க தம்பி, இவளுக்கும் புரியற மாதிரி."

அவர் மாடியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். கையில் ஈரத்துணி. "முதல்ல இது என்ன செய்யாதுன்னு சொல்லிடறேம்மா" என்று தொடங்கினார். "லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுடும். வெயில் இருந்தாலும் நின்னுடும்."

"வெயில் இருந்தாலுமா?" என்றாள் அந்தப் பெண்.

"நல்லா காதுல வாங்கிக்கடி" என்றார் அக்கா. "நான் அன்னிக்கு இதைச் சரியா கேட்டுக்கல. படிக்காதவ, எதையோ கேட்டிருப்பேன், தம்பி எதையோ சொல்லியிருப்பார். என் புத்திக்கு எட்டினது அவ்ளோதான். பாவம், அதுக்கு அனுபவிக்கறது கட்டில்ல கெடக்கற இவரு."

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பினார். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட அன்று, அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று டாக்டருக்கே தெரியாது. இமைக்காமல் ரிவர்ஸ் அண்ணனையே பார்த்தார்.

"அக்கா" என்றார் ரிவர்ஸ் அண்ணன்.

தையல் மெஷின் நின்றது. "சொல்லுங்க தம்பி."

அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை சிணுங்கியது. ரிவர்ஸ் அண்ணன் கையிலிருந்த ஈரத்துணியை மறுபுறம் மடித்தார்.

"ஒரு பக்கெட் தண்ணி வேணும்க்கா."

"இப்பதானே முழுக்கக் கழுவிட்டு வந்தீங்க?"

அவரே பக்கெட்டை எடுத்து நிரப்பிக்கொண்டு மாடி ஏறினார். கண்ணாடியாய்ப் பளபளத்துக்கொண்டிருந்த முதல் தகட்டின் முன்னால் மண்டியிட்டு, மறுபடியும் ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.