அப்பாவுக்கு நான் எழுதிய முகவரி

அக்டோபர் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் கோவையிலிருந்து நடுவட்டம் போனது, அப்பாவை மருத்துவக் காப்பீட்டுக்கான பரிசோதனைக்கு அழைத்து வர. மலையில் இருக்கும் வயதானவர்களுக்குப் பாலிசி எடுக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத வெட்கமாக இருக்கிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. எஸ்டேட் வேலை முடிந்து நடுவட்டத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா இல்லை. பாலிசி தேடும் இணையதளத்தில் அவருடைய வயதையும் நடுவட்டத்தின் பின்கோடையும் போட்டேன். இரண்டே திட்டங்கள் வந்தன. இரண்டிலும் ஆஸ்பத்திரிச் செலவில் நூற்றுக்கு முப்பதை நாமே கட்ட வேண்டும். அதே வயது, அதே மனிதர், பின்கோடு மட்டும் கோவையில் என் வீட்டினுடையது என்று மாற்றினேன். ஒன்பது திட்டங்கள்! நூறு கிலோமீட்டர் சொச்சம் கீழே இறங்கினால் அப்பாவின் இதயம் திடீரென்று தேறிவிடுமா என்ன? கோபம் வந்தது. கோபத்தோடு கெட்டிக்காரத்தனமும் வந்தது. என் முகவரியையே போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, உங்க அட்ரஸ நம்ம வீட்டுக்கு மாத்திட்டேன். வெள்ளிக்கிழம வந்து கூட்டிட்டு வரேன்."

"பேப்பர்ல எழுதிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு, "சரி புள்ள," என்றார்.

காலை 5.40க்குக் கோவையில் பஸ் ஏறினேன். 9.20க்கு ஊட்டி. அங்கிருந்து கூடலூர் பஸ்ஸில் நடுவட்டம், முப்பத்து நான்கு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், பஸ்ஸுக்குத் தேவையில்லை. பைக்காரா பக்கம் பனி இறங்கியிருந்தது. ஸ்வெட்டர் கொண்டுபோகாத முட்டாள் நான்.

அப்பா சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக நின்றார். பக்கத்தில் ஒரு பெரிய பை, கயிறு கட்டிய ஒரு டிரங்குப் பெட்டி. ரத்தம் கொடுக்க இத்தனை மூட்டையா என்று கேட்டேன். சிரித்தார். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கையில் அப்பாவின் இரண்டு கோழிகள் இருந்தன. இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, ஊட்டயே காலி பண்ணீட்டீங்களா?" என்றார்.

"ஆமாங்க. மக வீட்டுக்கு," என்றார் அப்பா.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், என்னைக் காசு எடுக்க விடாமல், பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் வாங்கினார். குன்னூர் தாண்டியதும் பாடம் எடுத்தேன். "எத்தன வருசமா இங்க இருக்கீங்கன்னு கேட்டா அஞ்சு வருசம்னு சொல்லணும், சரியா?" தலையாட்டினார். ஐந்து என்ற கணக்கு என் மாமியாருடையது. அவர் எங்களோடு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதனால் அப்பாவுக்கு வீட்டில் இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு பரிசோதனை மையம். ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள்.

"ஐயா, இந்த அட்ரஸ்ல எத்தன வருசமா இருக்கீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். "நேத்து சாயங்காலந்தாம்மா வந்தேன். இனி இங்கதான்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் கத்தினேன். "எத்தன தடவ சொன்னேன்? ஒரு பொய் ஒழுங்கா சொல்லத் தெரியாதா? அது பாலிசிக்காகப் போட்ட அட்ரஸ்ப்பா! நாளைக்கு உங்கள ஊர்ல கொண்டுபோய் விடணும் நான்."

அப்பா பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டே, "பேப்பர்ல எழுதியிருக்கேன்னு சொன்னியே புள்ள," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வயதில், தாயகம் திரும்பியவர்களோடு இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர் அவர். மண்டபம் முகாமில் யாரோ ஒரு தாளில் நீலகிரி என்று எழுதினார்கள். பார்த்தேயிராத ஊர். எழுதிவிட்டார்கள் என்பதால் குடும்பத்தோடு வந்து இருந்துவிட்டார். பேப்பரில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அங்கே போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். மகள் எழுதிவிட்டாள் என்றதும் கோழியைக் கொடுத்து, பெட்டியைக் கட்டி, கிளம்பிவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நிமிடமாவது 'இங்கேயே இருங்கப்பா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் மெதுவாக, "மேடம், அப்ப இந்த அட்ரஸ் செல்லாதுங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப மலை ஏறினோம். போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உண்மையான பின்கோடையே போடுங்கள். பொய் முகவரி பிறகு தெரிந்தால், பணம் தர மறுக்க அதுவே போதும். பாலிசி எடுக்கும் முன், பணம் கட்டாமல் சேரக்கூடிய ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அப்பாவுக்கு அது கோவைதான், ஐந்து மணி நேரம். சிறிய ஊர் முகவரியில் எடுத்துப் பெரிய ஊரில் சிகிச்சை பார்த்தால் கூடுதலாகப் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். நாங்கள் அந்த இரண்டு திட்டங்களில் ஒன்றைத்தான் எடுத்தோம்.

நடுவட்டத்தில் இறங்கி வீட்டு வாசலுக்குப் போனால், அப்பாவிடம் சாவி இல்லை. செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் சாவியோடு ஓடி வந்தாள்.

"ஏனுங் மாமா, இனி மக ஊட்லயேதான்னு சொன்னீங்க? ரெண்டே நாள்ல வந்துட்டீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். "இவ இருன்னுதான் சொன்னா, காலப் பிடிக்காத குறை. எனக்குத்தான் அந்த ஊரு சூடு ஒத்துக்கல," என்றார், தடுமாறாமல்.