ஆம்பல் இலை மேலே வந்த நாள்

மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனபோது, வாசலில் உள்ள சிமெண்ட் தொட்டியில் ஓர் ஆம்பல் செடியை வைத்துவிட்டுப் போனாள். நாகலூரில் என் வீட்டில் என்னைத் தவிர உயிருள்ளது அது ஒன்றுதான். எனக்கு அதிகம் பேச வராது. ஞாயிறுதோறும் அவள் போன் செய்யும்போது, ஆம்பலைப் பற்றி மட்டும்தான் தடையில்லாமல் பேசுவேன்.

இந்த ஐப்பசியில் கூரைத் தண்ணீர் கொட்டி, அரைத் தொட்டியாக இருந்த நீர் ஒரே இரவில் விளிம்புவரை ஏறிவிட்டது. இலைகள் எல்லாம் முழுகிக் கிடந்தன. ஆம்பல் இலைக்கு மூச்சுத் துளைகள் மேல்பக்கம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினேன். மழை மறுபடியும் நிரப்பியது. செடி செத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எதைப் பேசுவது என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை மழை விட்டு, மூடுபனி மட்டும் இருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தேன். காம்புகள் தண்ணீரின் உயரத்துக்கு நீண்டு வளர்ந்து, இலைகளை மேலே கொண்டுவந்து விரித்திருந்தன.

முதல்முறையாக நானே அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னங்கப்பா, ஒடம்புக்கு முடியலைங்களா?" என்று பதறினாள்.

"இல்ல கண்ணு. எலை மேல வந்துருச்சு."

"இதுக்குத்தானுங்களா? நான் நொம்ப பயந்துட்டனுங்க!" என்று சிரித்தாள். பிறகு, "காம்பு எவ்வளவு நீளமுங்க?" என்று கேட்டாள்.

கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்து, முழங்கை அளவு என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் வைத்துவிட்டாள். எனக்குக் கையை வெளியே எடுக்க மனம் வரவில்லை.