தலைவர் பேரில் விழுந்த பட்டினி

எங்கள் குப்பத்தில் பட்டினி கிடக்கிற ஆளைக்கூடச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தச் சீட்டை எடுத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஏரியைப் பாடு பாடாகப் பிரித்து, இன்று இந்தப் பாடு இன்னாருக்கு என்று முறை வைத்திருந்தார்கள். முறையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஒருவர் முறையை இன்னொருவர் மாற்றிக்கொள்வதும் உண்டு. எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, அதனால் இறாலும் வரவில்லை. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன பிறகு, முகத்துவாரத்தை வெட்டித் தரும் வரை ஊர் சார்பாக ஒருவர் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருப்பது என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. யார் இருப்பது என்ற கேள்வி வந்ததும், வலைப் பாட்டுக்குக் குலுக்குவது போலவே குலுக்கிவிடலாம் என்றார் ஊர்த் தலைவர். கபடம் இல்லாத கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் எடுத்த சீட்டில் தலைவரின் பெயரே இருந்தது.

தலைவர் பதறவில்லை. மயங்கிக் கிடப்பவன் அதிகாரிகளிடம் பேச முடியுமா, பேசுவதற்கு ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தன் முறையை மாற்றிக்கொள்வதாகச் சொல்லி என் மாமாவைக் கைகாட்டினார். மாமா என் அம்மாவுக்குத் தம்பி. ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொள்வார். விரதத்துக்குப் பழகின உடம்பு என்று ஊரே சொன்னது. அந்த விரதத்தில் பொழுது சாய்ந்ததும் ஒரு சொம்புக் கூழ் குடிப்பார் என்பதை யாரும் சொல்லவில்லை.

பதிலுக்கு, மழைக்குப் பிறகு வரும் முகத்துவாரத்துப் பாட்டில் தலைவரின் முறை மாமாவுக்கு. அத்தை வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமா கேட்கவில்லை. அதுவரை அடுத்தவர் வலையில் கூலிக்கு இழுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பாட்டில் ஒரு முறை இறங்கினால் சொந்தமாகச் சுற்றுவலை வாங்கிவிடலாம் என்று நம்பினார்.

பழவேற்காட்டில் பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். மாமாவுக்கு மாலை போட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர் மட்டும்தான். முதலில் பசியில் சுருண்டு கிடந்தவர் பிறகு தெளிவாகிவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் என் தலையைத் தடவினார்.

"பசிலாம் அப்பவே பூடுச்சி பாப்பா. வயிறுன்னு ஒன்னு இருக்கறதே தெரில" என்றார்.

அவர் வாயிலிருந்து கனிந்து அழுகிய பழத்தின் வாசனை வந்தது. அது அம்மன் இறங்கியிருக்கிற வாசனை என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே எரித்துத் தின்கிற வாசனை அது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. ஒரு வாரம் தாண்டியதும் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் ஒதுங்க அழைத்துப் போனார்கள். தலைவர் தினமும் வந்து, எங்கள் உயிரே போனாலும் சரி என்று மைக்கில் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து ஆவன செய்வதாகச் சொல்லி, எலுமிச்சைச் சாறு கொடுத்து விரதத்தை முடித்து வைத்தார். சுகாதார நிலையத்து நர்ஸ் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மூன்று நாளைக்குக் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். ஆனால் குப்பத்தில் பந்தி தயாராக இருந்தது. நண்டுக் குழம்பு, வஞ்சிர வறுவல், பாயசம். நர்ஸ் சொன்னதை அத்தை எடுத்துச் சொன்னாள். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊருக்காகப் பட்டினி கெடந்தவனுக்குக் கஞ்சித் தண்ணி ஊத்துனா ஊருக்கு இன்னா மரியாத?"

முதல் கவளத்தைத் தன் கையாலேயே ஊட்டினார். மாமா போதும் என்று கை காட்டக் காட்ட ஆளாளுக்கு ஊட்டினார்கள். நானும் கைதட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மாமாவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. நெஞ்சு கன்னாபின்னாவென்று அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே நினைவு தப்பிவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். முன்பிருந்த ஆளாகத் திருப்பித் தர அவர்களாலும் முடியவில்லை. பிற்காலத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் சதையையே தின்னும், இதயமும் சதைதானே என்றார். இரத்தத்தில் சில உப்புகள் அப்போது மட்டாகத்தான் மிஞ்சியிருக்கும். திடீரென்று சோறும் சர்க்கரையும் குவிந்தால், மிஞ்சியதும் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும், இதயம் தாளம் தப்பும் என்றார். பட்டினியைவிடப் பந்திதான் ஆபத்து என்பது அந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. மரியாதையாம் மரியாதை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

முகத்துவாரத்தை யாரும் வெட்டவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தானே உடைத்துக்கொண்டது. உண்ணாவிரதத்தால் வந்த வெற்றி என்று தலைவருக்குத்தான் மாலை விழுந்தது.

முகத்துவாரத்துப் பாட்டு முறை வந்த அன்று மாமாவால் வாசல் வரை நடக்க முடியவில்லை. அவருக்குப் பதிலாகத் தான் இறங்கலாமா என்று என் நைனா போய்க் கேட்டார். தலைவர் வருத்தத்தோடு கட்டுப்பாட்டை எடுத்துச் சொன்னார். மாற்றி வாங்கிய முறையில் வாங்கியவன்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முறை உரியவனுக்கே திரும்பிவிடும். பட்டினிக்கு மாற்றாள் உண்டு, பாட்டுக்குக் கிடையாது. நைனாவின் பின்னாலேயே போயிருந்த அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சீட்டுல வந்தது யார் பேருங்க?"

அன்று இரவு அந்தப் பாட்டில் தலைவரே வலை இறக்கினார். அந்த வருஷத்தில் யாரும் பார்க்காத இறால்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து மாமாவுக்கு ஒரு கூடை இறால் வந்தது. அத்தை அதைத் தொடாமல் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பண்டத்தை வீணாக்கக் கூடாது என்று அம்மா குழம்பு வைத்தாள். வைத்தாளே தவிர, அவளும் நைனாவும் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. எல்லா இறாலையும் என் தட்டில் போட்டுக்கொண்டு, தலைவர் எவ்வளவு நல்லவர் என்று சொன்னேன். அதுவரை என்மேல் கை வைக்காத நைனா பளாரென்று அறைந்தார். நல்லவரை நல்லவர் என்றதற்கு எதற்காக அடி என்று கேட்டு நான் அழுதேன்.