பிடிமண் கேட்கப் போன பயணம்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு வரும் கொழும்புக் கனவான்கள் எங்கள் தேயிலை மலைகளைப் பார்த்து "ஆகா" என்பார்கள். காரை ஓரமாக நிறுத்தி, கொழுந்து எடுக்கும் பெண்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பெண்களில் என் அக்காவும் ஒருத்தி. இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரச் சாக்குப் படங்கு, காலில் அட்டைக்கடி. இருந்தாலும் சிரிப்பாள். அந்தப் படங்கள் எந்தெந்த வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றனவோ, எங்களுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

ஊர் பார்ப்பது என்றால் அடுத்தவர்கள் வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போவது என்றே நான் வளர்ந்தேன். அதனால்தானோ என்னவோ, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரான பிறகு நானும் ஒருமுறை யாரையாவது, எதையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி பிடித்தது. தென்னிந்தியத் தலங்களைப் பற்றிய பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கி, மதுரைக் கோபுரத்தையும் தஞ்சைப் பெரிய கோவிலையும் கொடைக்கானல் ஏரியையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். போவதற்குத்தான் வழியில்லை. கடைசியில் அந்த வழியை அக்காவின் துயரம் திறந்துவிட்டது.

அக்காவை ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். கரு தரிக்கும், தங்காது. இரண்டு முறை அப்படிப் போனது. தை பிறந்தால் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக அவளுடைய மாமியார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மச்சான் அம்மா பேச்சைத் தட்டாத தங்கமான பிள்ளை. அந்தத் தங்கத்தை எங்காவது அடகு வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

அப்பா குறி சொல்லும் கோடாங்கியிடம் போனார். கோடாங்கி உடுக்கையை அடித்துக் கண்ணை மூடி, "குலசாமி பட்டினியாக் கெடக்கு. அதான் புள்ள தங்கல" என்றார்.

எங்கள் குலசாமி கருப்பண்ணசாமி. அப்பாவின் தாத்தா துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த மலைக்கு வந்தபோது, கோவில் மண்ணில் ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்துகொண்டு வந்தார். அதைத்தான் பிடிமண் என்போம். சாமியை ஊர்விட்டு ஊர் கூட்டிப்போக வேறு வாகனம் கிடையாது. அந்த மண்ணை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே ஒரு மரத்தடியில் போட்டு, கல் நட்டு, ஊரிலிருந்து வந்த அரிவாளையும் பக்கத்தில் ஊன்றினார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. கூரை கிடையாது, பொங்கல் கிடையாது. வருஷத்தில் ஒருநாள் தேங்காய் உடைப்பதோடு சரி. கேட்டால், "தாய்க்கோயில் ஊர்ல இருக்கு. அங்க எல்லாம் செய்வாங்க. இங்க நாம இருக்கப் போறது கொஞ்ச காலந்தானே" என்பார்கள். அந்தக் கொஞ்ச காலத்தில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தது.

"ஊருக்கே போயி பொங்க வச்சு, புதுசாப் பிடிமண்ணு எடுத்துட்டு வந்துருவோம்" என்று அப்பா முடிவு செய்தார். அதுவரை பெண் பார்ப்பதில்லை என்று சம்பந்தியம்மாவும் ஒப்புக்கொண்டார்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு முந்தைய காலம் அது. எங்களை ஒருவர் தலையில் மற்றவர் கட்டிவிட இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருந்த காலமும்கூட. போனால் திரும்ப விடுவார்களா என்ற பயம் அப்பாவுக்குத் தலைமன்னார் வரை இருந்தது. கப்பலில் ஏறியதும், அந்தப் பக்கம் இறங்க விடுவார்களா என்ற பயமாக அது மாறியது. அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்ததால், போனது நாங்கள் மூன்று பேர்தான்.

என் வழிகாட்டிப் புத்தகத்துக்கு வேலை வந்தது. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடினோம். மதுரையில் நான் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வளையல் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "சிலோன்காரவுகளா? சோப்பு, சென்ட்டு ஏதாச்சும் கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார். நுவரெலியாச் சந்தையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்பார்கள். சிலோன்காரர்கள் ஆவதற்கு மதுரை வரை வரவேண்டியிருந்தது.

கொடைக்கானலுக்குப் போனதற்கு முழுக் காரணம் நான். அப்பாவிடம் அங்கே முருகன் கோவில் இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனேன். அது உண்மைதான், ஆனால் நான் போனது ஏரிக்கு. மூடுபனி, குளிர், வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்கள், நடுவில் ஏரி. சமவெளியிலிருந்து வந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆனந்தமாக நடுங்கினார்கள்.

அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது நம்ம நுவரெலியாதானே? இதப் பாக்கவா ரயிலும் கப்பலும் ஏறி வந்தோம்?" என்றாள்.

அப்பா மலைச்சரிவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தேயிலை போடாமல் நிலத்தைச் சும்மா விட்டிருக்கிறார்களே என்று வருத்தப்பட்டார். அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. மலையைக் கண்டால் அவருக்கு வேறொன்றும் தோன்றாது.

துறையூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்து விசாரித்துக் கிராமத்துக்குப் போனோம். பழைய பங்காளிகள் என்று அங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் அந்தக் காலத்திலேயே கப்பலேறிவிட்டார்களாம். பூசாரி வழியில் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். சிலோனிலிருந்து பங்காளிகள் வந்திருக்கிறார்கள் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அப்பாவின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போனார்.

கோவில் இருந்தது. அதாவது, இருந்திருக்கிறது. கூரை விழுந்து, சுவரைப் பிளந்து வேம்பு வளர்ந்து, பீடத்தின்மேல் ஆடு படுத்திருந்தது. பாழடைந்த மண்டபங்களைப் பற்றி என் புத்தகம் பக்கம் பக்கமாக உருகும். இந்தப் பாழைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை. பொங்கல் வைக்க வாங்கி இடுப்பில் வைத்திருந்த புதுப் பானையை அக்கா இறக்கவில்லை.

"என்னங்க இது? சாமி எங்க?" என்றார் அப்பா.

பெரியவர் அவரை விநோதமாகப் பார்த்தார். "சாமி உங்ககிட்டல்ல இருக்கு? ஒங்க பாட்டன் பிடிமண்ணோட அருவாளையுங் கொண்டு போயிட்டாரு. பங்காளிக மொத்தமும் போனப்புறம் சாமி இங்க யாருக்குக் காவ நிக்கும்? அதுவும் கூடவே போயிருச்சுன்னு அப்பவே குறி சொல்லிட்டாங்க. அப்பறம் இங்க வெளக்கே ஏத்தறதில்ல."

பிறகு துண்டின் முனையை இரண்டு கையாலும் விரித்து அப்பாவின் முன்னால் நீட்டினார். "இத்தன வருசங் கழிச்சு வந்திருக்கீங்க. பிடிமண்ணு கொண்டாந்திருப்பீங்கல்ல? குடுங்க, சாமிய எறக்கி வைப்போம்."

அப்பாவின் கையிலும் ஒரு துணி இருந்தது. மண் வாங்குவதற்கென்று தோட்டத்திலேயே மஞ்சள் நனைத்து, காயவைத்துக் கொண்டுவந்த துணி. இரண்டு பேரும் வெறுந்துணியை விரித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். இன்னொரு சந்தர்ப்பமாக இருந்தால் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

"இங்கயே பொங்க வச்சிட்டுப் போறோமுங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"ஆளில்லாத வீட்டுல யாருக்கு எல போடுவீங்க?" என்றார் பெரியவர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. கோடாங்கிமேல், மச்சான்மேல், இடம்விட்டு நகராத அந்த ஆட்டின்மேல்கூட.

அக்கா மட்டும் அழவில்லை. "அந்தக் கோடாங்கி சரியாத்தான்பா சொல்லியிருக்கான்" என்றாள். "இந்த ஊர்க்காரங்க, சாமி அங்க சாப்புட்டிருப்பாருன்னு விட்டுட்டாங்க. நாம இங்க சாப்புட்டிருப்பாருன்னு விட்டுட்டோம். பாவம், யாருமே அவருக்குச் சோறு போடல."

திரும்பும் வழியில் தஞ்சைப் பெரிய கோவில் பக்கம் போகலாமா என்று அப்பாவே கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

ஊர் திரும்பி அக்காவை ராகலையில் விடப் போனபோது சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று, "சாமியப் பாத்தீங்களா? பொங்க வச்சீங்களா?" என்று விசாரித்தார். பொய் சொல்லிவிடும்படி நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். அப்பா, "சாமி அங்க இல்லீங்க. நம்ம தோட்டத்துலதான் இருக்காராம்" என்று உண்மையைச் சொன்னார். கடல் தாண்டிப் போய், சாமி இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்த குடும்பத்தில் எப்படி வாரிசு வரும் என்று அந்தம்மா திருப்பிக் கேட்டார். தை பிறந்ததும் மச்சானுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேட்டியில் மிக அடக்கமாக இருந்தாராம்.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டாள். பழைய மலையிலேயே கொழுந்து எடுக்கும் வேலைக்குப் பேர் பதிந்தாள். முதல் வெள்ளிக்கிழமை வேலைவிட்டு வந்து, குளித்து, மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்புப் பற்றவைத்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. நான் குடை பிடித்தேன். பொங்கலை இலையில் போட்டுக் கருப்பண்ணசாமியின் கல்லுக்கு முன்னால் வைத்தாள். அவள் கண்ணை மூடிக் கும்பிடவில்லை. பிள்ளைக்குப் பரிமாறுகிற மாதிரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா கொஞ்சம் தயங்கி, "என்ன தாயி வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டலப்பா. சாப்புடச் சொன்னேன்."