அண்ணன் மிதிக்காத வாசல்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் ‘சாந்த சொரூபி’ என்று போடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அண்ணனை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அவரிடம் அடி வாங்கியவர்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை உள்ளபடி எழுதுவதே தங்கையான நான் செய்யும் மரியாதை.

அண்ணன் பிறந்தது தொண்டாமுத்தூரில். எங்கள் அப்பா தென்னை மட்டையால் அடித்து வளர்த்தார். எனக்கு விழ வேண்டிய அடியையும் அண்ணனே குறுக்கே வந்து வாங்கினார். மீசை முளைத்ததும் ஒரு நாள் அந்த மட்டையைப் பிடுங்கி முறித்து, அப்பாவின் காலடியில் எறிந்துவிட்டு வீட்டை விட்டுப் போனார். போத்தனூரில் கல் பாவும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தாமே ஒப்பந்தம் எடுத்துச் செய்தார். அண்ணியைக் கைப்பிடித்ததும் அந்த ஊரில்தான்.

தொழிலில் அண்ணனுக்கு ஒரே பிடிவாதம், கல்லுக்கு அடியில் போடும் பொருள். தொண்ணூறுகளில் சிமெண்ட் பேவர் கல் கோவையில் பரவத் தொடங்கியபோது எல்லோரும் கல்லின் நிறத்தைப் பார்த்தார்கள். அண்ணன் மண்ணைப் பார்த்தார். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதைத் தோண்டி அள்ளிவிட்டு, உடைத்த ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்துக் கனத்த திமிசுக்கட்டையால் இடித்து, அது இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்கு என்பார். ஜல்லியின் கூர் முனைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்குமாம். இடிக்காமல் ஏமாற்றிய ஒரு மேஸ்திரியை அந்தக் குழிக்குள்ளேயே தள்ளி மிதித்திருக்கிறார். அது தப்புத்தான்.

என் கணவருக்குப் பீளமேட்டில் இரும்பு வார்க்கும் சிறிய பவுண்டரி. நாத்தனார் கல்யாணத்துக்கு எங்கள் முன்வாசலில் பந்தல் போட்டு விருந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்குள் வாசலுக்குக் கல் பதித்துத் தர அண்ணன் ஒப்புக்கொண்டார். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு அவர் ஜல்லி ஏற்றிவரப் போன நேரத்தில், என் கணவர் ஆட்களை விட்டு, பவுண்டரியில் வார்ப்பு அச்சுக்குப் போட்டு எரிந்து கறுத்த மணலைக் குழியில் கொட்டி, மேலே கல்லையும் பதிக்கச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அந்த மணல் சும்மா கிடைக்கும். பள்ளம் என்றாலே அதைத்தான் கொட்டுவார்கள். ஆனால் அது பொடி மணல். எவ்வளவு இடித்தாலும் நழுவும், மழைத் தண்ணீரோடு ஓடும்.

அண்ணன் லாரியிலிருந்து இறங்கினார்.

“ஏனுங்க மாப்ள, இதென்னங்க பண்ணிப்போட்டீங்க?”

“கல்யாணம் கிட்ட வந்துருச்சுங்க மச்சான். கல்லுக்கு அடியில என்ன கெடக்குதுன்னு எவனுங்க பாக்கப் போறான்?”

“மழ பேஞ்சு கல்லு எறங்கி, விருந்துக்கு வந்த சனம் உழுந்துச்சுன்னா, எம்பட தங்கச்சியத்தானுங்க ஊரே பேசும்!”

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் கடப்பாரையை எடுத்துக் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினார். தடுக்கப் போன கணவரைத் தள்ளினார். கணவர் மண்வெட்டிப் பிடியால் அண்ணனின் வாயிலேயே அடித்தார். பல் தெறித்து விழுந்தது. அண்ணன் திமிசுக்கட்டையைத் தூக்கி அவர் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற படி வரைக்கும் கேட்டது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டும் இரண்டு பேரும் ‘வாங்க, போங்க’ என்றுதான் திட்டிக்கொண்டார்கள். நம் ஊர் மரியாதை! எனக்கு இருவரையும் அந்தக் குழியிலேயே போட்டு மூடலாம் போல் ஆத்திரமாக வந்தது.

முறிந்த தோளோடு கையைத் தொங்கவிட்டபடி என் கணவர் என்னிடம் சொன்னார்: “உங்கண்ணன் இனி இந்த வாசல மிதிச்சாருன்னா, நீயும் அவரு பின்னாலயே கெளம்பிக்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “அளுவாத கண்ணு” என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வேலைய முடிச்சுப்போட்டுப் போயர்றேன். பொறகு மிதிக்கமாட்டனுங்க மாப்ள.”

கணவர் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்க, அண்ணன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அந்த மணல் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டினார். ஜல்லியைப் போட்டு, கோபம் முழுவதையும் திமிசில் வைத்து இடித்தார். வீட்டுப் படியிலிருந்து தெருவை நோக்கிப் பின்வாங்கியபடியே கல்லைப் பதித்துக்கொண்டு போய், கடைசிக் கல்லைத் தெருவில் மண்டியிட்டுப் பதித்தார்.

விருந்தன்று மழை கொட்டித் தீர்த்தது. ஒரு கல் அசையவில்லை. அண்ணன் வரவில்லை. வருடா வருடம் பொங்கல் சீரையும் கேட்டுக்கு வெளியே நின்றே நீட்டினார். என் வாழ்க்கைக்காகக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. என் கணவர் தம் சொல்லைத் திரும்ப வாங்கவும் இல்லை. இவர்கள் ரோஷத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான்தான் செத்தேன்.

போன வருடம், ஜல்லி இறக்க வந்த லாரி பின்பக்கமாக வந்து அண்ணனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அண்ணனின் உடலோடு போத்தனூருக்குக் கிளம்பிய வண்டியை என் கணவர் எங்கள் வீட்டுக்குத் திருப்பச் சொன்னார். சம்பந்தி வீட்டு வாசலுக்குப் பிணத்தைக் கொண்டுபோவதா என்று பெரியவர்கள் மறித்தார்கள். ஒருவர் அவர் சட்டையையே பிடித்தார். கணவர் அவரைத் தள்ளிவிட்டுக் கத்தினார்.

“அவரு போட்ட வாசலுங்க! ஒருக்கா மிதிச்சுட்டுப் போவட்டுமுங்க!”

ஸ்ட்ரெச்சரை வாசலில் இறக்கி, துணியை விலக்கி, அண்ணனின் இரண்டு பாதங்களையும் தம் கையால் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார். முறிந்து கூடிய அந்தத் தோள் குலுங்கியது.

ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், அண்ணியைத் தாங்கிப் பிடித்த போத்தனூர் உறவுகளுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த கல் பாவும் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கணவருக்கும் நன்றி சொல்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இருந்தாலும், எங்கள் வாசலை அண்ணன் மிதிக்கும்படி செய்தவர் அவர்தான்.