விரதத்தில் வைத்த சுருக்கு

சொந்தத்துக்குள் மனக்கசப்பு வருமே என்று பல வருடங்களாக இதை எழுதத் தயங்கினேன். இனிப் பொறுக்க முடியவில்லை.

தாராபுரம் பக்கம் எங்கள் மக்காச்சோளக் காட்டில், பழனிக்கு மாலை போட்டிருந்த என் கொழுந்தனார் காட்டுப்பன்றிக்குச் சுருக்குக் கம்பி கட்டினார். மறுநாள் காலையில் ஒரு பன்றி அதில் மாட்டி, கால் எலும்பு தெரிய இழுத்து இழுத்துக் கதறிக்கொண்டிருந்தது. அவரோ குளித்து, திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

“விரதத்துல உசுரைக் கொல்லக் கூடாதுங்க அண்ணி. அதுவாச் சாகட்டும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “கம்பியக் கட்டுனது யாருங்க தம்பி, முருகனா?”

“சோளத்தைத் தின்ன பன்னிக்கு விருந்தா வெப்பாங்க?” என்று சிரித்தார்.

நானே வனத்துறைக்குப் போன் செய்தேன். அவர்கள் மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டினார்கள். பன்றி நொண்டிக்கொண்டே பிழைத்துப் போனது. கொழுந்தனார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போது சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் வேலியோரம் நடந்து, கண்ணில் படும் சுருக்கையெல்லாம் அறுத்துப் போடுகிறேன். பயிர் நஷ்ட ஈட்டை அரசாங்கம் உடனே கொடுக்கட்டும். கம்பி கட்டுபவரை விடாமல் பிடிக்கட்டும். இதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் உங்கள் ஊரில் வாசித்துக் காட்டுங்கள், மாலை போட்டிருப்பவர்களுக்கு முதலில்.